காமெடி ரோலுக்கு ஆடிஷன்: தனியாக நிறுத்தி "சிரிக்க வை" என்றால் எப்படி?

பின்வரிசை நடிகர் எழுதியது:

நடிப்பில் இருப்பவர்கள், யூனிட்டில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். காமெடி ரோலுக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் ஏன் நடிகரை வெள்ளைச் சுவருக்கு முன்னால் தனியாக நிறுத்தி "ஏதாவது காமெடி பண்ணிக் காட்டுங்க" என்கிறார்கள்? அழுகிற ரோல் என்றால் யாரும் "ஏதாவது அழுங்க" என்று சொல்வதில்லை. யார் செத்தது, உனக்கு என்ன உறவு, கடைசியாகப் பேசும்போது சண்டையா சமாதானமா என்று சூழ்நிலையைச் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறார்கள். சிரிப்புக்குச் சூழ்நிலை வேண்டாமா?

சமீபத்தில் சாலிகிராமத்தில் ஒரு ஆபீஸுக்குப் போயிருந்தேன், கம்பெனி பெயர் வேண்டாம். டிவியில் வாரம் ஒருமுறை வரப்போகும் குடும்பக் காமெடித் தொடர். எனக்குச் சொன்ன ரோல், மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் ஆள். நேர் முகம், இடது, வலது, முழு உருவம் என்று போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கூப்பிட்ட நேரத்துக்குப் போனால் படிக்கட்டு முழுக்க ஆள். பாதிப் பேர் சுவரைப் பார்த்து நின்று ஏதோ ஒரு பெரிய நடிகரின் குரலை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே பெயர், வயது, உயரம், இதற்கு முன் செய்தது எல்லாம் கேமராவுக்குச் சொல்லி, இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டியதும் அந்தக் கேள்வி வந்தது. நான் நாடகத்திலிருந்து வந்தவன், தனியாகச் செய்வதற்கென்று எதையும் தயாரித்து வைப்பதில்லை, அந்த ரோலுக்கான சீன் இருந்தால் கொடுங்கள் சார் என்றேன். மிமிக்ரி வருமா என்றார்கள். வராது என்றேன். "அப்புறம் எப்படி காமெடிக்கு வந்தீங்க?" என்று அவர் கேட்டதில் கேலி எதுவும் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சீன் பேப்பர் வந்தது. நல்ல சீன், எழுதியவரைப் பாராட்ட வேண்டும். வீட்டு ஓனர் மேலே ஏறி வந்து, கீழே சம்ப் தொட்டியில் தண்ணீர் இப்படித் தீர்கிறதே, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறார். இரண்டே பேர்தான் சார் என்று குடியிருப்பவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் துண்டும் கையுமாக ஒவ்வொருவராகக் குளிக்கப் போகிறார்கள். 2019 கோடையில் ஏரிகள் வற்றிப்போய், மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்ற எந்தச் சென்னைக்காரருக்கும் இந்த சீனை விளக்க வேண்டியதே இல்லை.

இதில் என் வேலை வசனம் சொல்வது மட்டும் இல்லை. ஓனருடைய கண் எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்து, அந்தப் பக்கத்தை மறைக்கிற மாதிரி பேச்சையும் உடம்பையும் கொண்டுபோக வேண்டும். ஆனால் ஓனர் வரிகளைப் படித்த தம்பி போனைப் பார்த்துக்கொண்டே எல்லா வரியையும் ஒரே தொனியில் படித்தார். அவர் கண் ஒருமுறைகூட மேலே வரவில்லை. பார்க்காத கண்ணிடமிருந்து நான் எதை மறைப்பது? பேப்பரில் இருந்ததைச் சொல்லி முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்க அங்கே எதுவும் நடக்கவும் இல்லை.

படிக்கட்டில் ஓனர் ரோலுக்கு வந்த ஐயா ஒருவர் உட்கார்ந்திருந்தார். சார், அவரை உள்ளே கூப்பிட்டு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒருமுறை செய்கிறோமே என்று கேட்டேன். சரி என்றார்கள். அவர் முதல் வரியைச் சொல்வதற்கு முன்னால் என் தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். என் கை தானாகக் கதவுப் பக்கம் போய்விட்டது. பேப்பரில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை, ஆனால் கேமரா பிடித்தவர் சிரித்து, அந்த டேக்கை மறுபடி எடுக்க வேண்டியதாகிவிட்டது.

"சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ரோல் கிடைக்கிறதா இல்லையா என்பது வேறு. இரண்டாவது முறை நடந்ததை ஏன் முதல் முறையாகவே வைக்கக் கூடாது?

கிளாப் போர்டு எழுதியது:

அண்ணே, போனைப் பார்த்துப் படித்த அந்தத் தம்பியின் வேலையைத்தான் நான் பல வருஷம் பார்த்தேன், இப்போது அசோசியேட் டைரக்டர். அவர் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். போனைப் பார்த்ததற்குக் காரணம் சீன் போனில்தான் இருந்திருக்கும். ஒரே வரியைக் காலையிலிருந்து ஒவ்வொருவருக்கும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த அறையில் மொத்தம் மூன்று பேர் இருந்தாலே அதிகம். ஒருவர் கேமரா, ஒருவர் லிஸ்ட், ஒருவர் க்யூ, அதாவது எதிராளி வரியைப் படித்துக் கொடுப்பவர். அவர் நடிகரும் இல்லை, அதற்குப் பேட்டாவும் இல்லை.

அடுத்தது, அறையில் இருப்பவர்கள் முடிவெடுப்பதில்லை. நாங்கள் எடுத்ததை வெட்டிக் கோத்து சேனலுக்கு அனுப்புவோம், அங்கே அப்ரூவல் ஆக வேண்டும். அனுப்பியதை முழுதாகப் பார்க்க அங்கேயும் நேரம் இருக்காது. அதனால் முகம் பார்த்தவுடன் ஏதாவது ஒன்று பிடிக்கிற மாதிரி ஒரு துண்டு எங்களுக்கு வேண்டும். தனியாகச் செய்கிற மூன்று நிமிஷ ஐட்டம் அதற்கு வசதி. விஜய் டிவியின் கலக்கப்போவது யாரு வந்த பிறகு அந்த வழக்கம் இன்னும் கூடிவிட்டது, ஒரு ஆள், ஒரு மைக், நடுவர் சிரித்தாரா இல்லையா. சிவகார்த்திகேயன் அந்த மேடையிலிருந்துதானே வந்தார், அந்த வழி தப்பு என்று எப்படிச் சொல்வது?

முக்கியமானது ஷூட்டிங். டெய்லி சீரியல் பக்கம் வந்து பாருங்கள். பல தொடர்களில் சீன் பேப்பர் அன்றைக்குக் காலையில்தான் கைக்கு வரும், சில நாள் மத்தியானம். ஒரு கால்ஷீட்டுக்குள் பல சீன் முடிய வேண்டும், மனப்பாடம் பண்ண யாருக்கும் நேரம் கிடையாது. கேமராவுக்குப் பின்னால் நின்று நான் வரியைச் சொல்வேன், ஆர்ட்டிஸ்ட் அதைப் பிடித்துத் திருப்பிச் சொல்வார், தப்பாக வந்தால் டப்பிங்கில் சரி செய்துகொள்வோம். அதனால் ஆடிஷனில் நான் பார்ப்பது, கொடுக்கிற வரியை உடனே பிடிக்கிறாரா, ஆள் முன்னால் கூச்சப்படுகிறாரா என்பதைத்தான். "ஏதாவது பண்ணுங்க" என்பது அந்தக் கூச்சத்தைப் பார்க்கிற கேள்வி. உங்களை அவமானப்படுத்த இல்லை.

ராயபுரம் ரசிகை எழுதியது:

அண்ணா சொன்னதில் ஒரு பாதி எனக்கும் நடந்தது, இன்னொரு பாதி பெண்களுக்கு மட்டும் நடப்பது. நான் கொஞ்சம் பருமனான ஆள். காமெடி ரோல் என்று கூப்பிட்டால் அநேகமாக என்னிடம் வசனமே கேட்பதில்லை. நடந்து வாங்க, இந்த நாற்காலியில் உட்காருங்க, எழுந்திருங்க, இந்த வடையைச் சாப்பிடுங்க. ஒரு இடத்தில் நான் கேட்டேன், சார் இந்த அம்மாவுக்கு இந்த சீனில் என்ன வேண்டும், எதற்காக இங்கே வந்திருக்கிறார்? அதெல்லாம் யோசிக்காதீங்க மேடம், நீங்க வந்து நின்னாலே போதும் என்றார்கள். நின்றாலே போதும் என்றால் என்னை எதற்கு ஆடிஷனுக்குக் கூப்பிட வேண்டும், எடை மெஷின் வைத்தாலே போதுமே என்று அவர்களிடமே சொல்லிவிட்டு வந்தேன். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்த மனோரமா ஆச்சியை நாம் நினைவு வைத்திருப்பது அவர் வந்து நின்றதற்காகவா? ஒவ்வொரு ரோலிலும் அந்தப் பெண்மணிக்கு ஒரு கோபமோ ஆசையோ இருந்தது, அதற்காக.

இன்னொன்று, மெட்ராஸ் பாஷை. மீன் விற்கிற அம்மா ரோல், நான் பிறந்ததே ராயபுரம், காசிமேடு துறைமுகம் எனக்கு அடுத்த தெரு மாதிரி. எங்கள் தெருவில் பேசுகிற மாதிரியே பேசினேன். இது இல்லை, சினிமாவில் வருமே அந்த மெட்ராஸ் பாஷை வேண்டும் என்றார்கள். வரிக்கு வரி கத்தி, தலையை ஆட்டி, புடவையை இழுத்துச் செருகி. எங்கள் பக்கத்து அம்மாக்கள் நிஜமான கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார்கள். அந்தத் தாழ்ந்த குரலில்தான் பேச்சு ஊசி மாதிரி இறங்கும், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பதும் அங்கேதான். ஜே.பி. சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்தவர், ஆனால் அவர் பேசின மெட்ராஸ் பாஷையை எங்கள் ஊர் ஆட்களே ஒத்துக்கொண்டார்கள், ஏனென்றால் அவர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். இங்கே கேட்கவே ஆள் இல்லை.

பின்வரிசை நடிகர் எழுதியது:

தங்கச்சி, அந்தத் தாழ்ந்த குரல் விஷயத்தைப் படித்ததும் ரொம்ப நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அதை எப்படியாவது யாராவது திரையில் கொண்டுவர வேண்டும்.

கிளாப் போர்டு தம்பி, உங்கள் கஷ்டத்தைச் சொன்னது நல்லது, க்யூ கொடுக்கும் ஆளுக்குப் பேட்டா இல்லை என்பது எனக்குத் தெரியாது. ஆனால் பின்னால் நின்று வரி எடுத்துக் கொடுக்கிற பிராம்ப்டிங் பற்றி நீங்கள் சொன்னதில்தான் என் கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நடிகருடைய காது கேமராவுக்குப் பின்னால் நிற்கும் உங்களிடம் இருக்கும்போது, எதிரே நிற்பவர் சொல்வதை அவர் எந்தக் காதால் கேட்பார்? அழுகைச் சீனில் இது ஓரளவு மறைந்துவிடும், இசை வந்து தாங்கிக்கொள்ளும். காமெடியில் மறையாது. எதிராளி சொன்னது நம் மேல் பட்டு, அது புரிந்து, அதற்குப் பிறகு நம் வாய் திறக்க வேண்டும். அந்த வரிசை குலைந்தால் எவ்வளவு நல்ல வசனமும் வெறும் வாசிப்பு.

1964-இல் வந்த காதலிக்க நேரமில்லை படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்வாரே, இத்தனை வருஷம் கழித்தும் டிவியில் வந்தால் வீட்டில் எல்லோரும் நின்று பார்க்கிற சீன். அடுத்த முறை நாகேஷை விட்டுவிட்டு பாலையாவை மட்டும் பாருங்கள். அவர் கதையைக் கேட்கிறார், கேட்பதைத் தவிர அவர் வேறு பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. நாகேஷ் ஒரு சத்தம் கொடுத்தால் அது முதலில் பாலையாவின் கண்ணில் போய் விழுகிறது, அப்புறம் கையில், அப்புறம் குரலில். பணக்காரர் என்கிற கெத்தையும் விட மாட்டார், பயத்தையும் அடக்க முடியவில்லை. இப்போது யோசித்துப் பாருங்கள், பாலையாவைச் சுவர் முன்னால் தனியாக நிறுத்தி ஏதாவது பண்ணுங்க என்றால் அதில் எதைப் பார்த்திருப்பார்கள்?

கலக்கப்போவது யாரு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தனியாக மேடையில் நிற்பது பெரிய கலை, அதற்கு அந்தத் தேர்வு சரிதான். ஆனால் அதே விஜய் டிவியில் வந்த லொள்ளு சபாவையும் நினைத்துப் பாருங்கள். சந்தானம் அங்கிருந்துதான் சினிமாவுக்குப் போனார். அவர், சுவாமிநாதன், மனோகர் என்று ஒரே கூட்டம் வாரா வாரம் சேர்ந்து செய்தது. மனோகர் கையை ஆட்டிக்கொண்டு வந்தால் சிரிப்பு வருவதற்குப் பாதிக் காரணம், பக்கத்தில் இருப்பவர் அது ரொம்பச் சாதாரணம் என்கிற மாதிரி நிற்பது. குடும்பக் காமெடித் தொடருக்கு வேண்டியது அந்த மாதிரி கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு ஆள் எடுக்க மேடைப் பேச்சாளர் தேர்வு வைத்தால் எப்படி?

எடிட் டேபிள் எழுதியது:

இந்தப் பேச்சுக்குள் எடிட்டர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளசரவாக்கத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து இந்தத் தொடர்களை வெட்டுகிற ஆள் நான். பார்வையாளர்கள் திட்டுகிற அந்த "டொய்ங்", "பொய்ங்" சத்தங்களைப் போடுவது நாங்கள்தான், ஏன் போடுகிறோம் என்று சொல்கிறேன்.

டிவிக்கு நாம் எடுப்பது நொடிக்கு 25 ஃப்ரேம். ஒரு கேலி வசனம் முடிந்ததும் கேட்டவர் முகத்துக்குப் போக வேண்டும், அங்கே எட்டு ஃப்ரேம் இருந்தாலும் போதும், பத்து இருந்தால் இன்னும் நல்லது, அரை நொடிகூட ஆகாது. ஆனால் அந்த முகத்தில் ஏதாவது நடந்திருக்க வேண்டும். எனக்கு வருகிற ஃபுட்டேஜில் முக்கால்வாசி அந்த இடத்தில் நடிகர் அடுத்த வரிக்காக பிராம்ப்டரைக் கேட்டுக்கொண்டிருப்பார், கண் கேமராவுக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கும். அந்த ஷாட்டை வைத்தால் அசிங்கமாகத் தெரியும். வேறு வழி இல்லாமல் வசனம் சொன்னவர் முகத்திலேயே நின்று, மேலே ஒரு சத்தம் போட்டு, இது சிரிக்கிற இடம் என்று பார்ப்பவருக்குச் சொல்கிறோம். கேட்கிற முகம் ஒன்று எனக்குக் கொடுங்கள், ஒரு சத்தமும் போடாமல் அந்த சீனை வெட்டித் தருகிறேன்.

அதனால் நடிகர் அண்ணன் சொல்வதோடு நான் ஒத்துப்போகிறேன், ஒரு திருத்தத்தோடு. ஆடிஷனில் கேமராவை வசனம் பேசுபவர் மேல் மட்டும் வைக்கிறார்களே, அதை மாற்ற வேண்டும். நடிகர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற முப்பது நொடி தனியாக எடுத்து அதையும் சேனலுக்கு அனுப்புங்கள். யார் வேலைக்கு ஆகும் ஆள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

புதுசா வந்தவன் எழுதியது:

எல்லா அண்ணன் அக்காவுக்கும் வணக்கம். நான் மதுரையிலிருந்து வந்து வடபழனியில் மேன்ஷனில் தங்கியிருக்கிறேன், காமெடிதான் வரும். ஒரு இடத்தில் இன்ட்ரோ வீடியோ பார்த்துவிட்டு செலக்ட் ஆகிவிட்டது, கார்டு போடவும் போர்ட்ஃபோலியோ எடுக்கவும் பணம் கட்டினால் அடுத்த ஷெட்யூலில் ரோல் என்கிறார்கள். கட்டலாமா? அப்புறம், நீங்கள் சொல்கிற மாதிரி இரண்டு பேராகச் செய்ய எனக்கு இங்கே யாரையும் தெரியாதே, வீடியோவை எப்படி எடுப்பது?

ராயபுரம் ரசிகை எழுதியது:

தம்பி, கட்டாதே. ஒரு ரூபாய்கூடக் கட்டாதே. நடிக்கிறவனுக்குத்தான் பணம் கொடுப்பார்கள், நடிக்க வருகிறவனிடம் வாங்க மாட்டார்கள். போட்டோ உன் போனிலேயே எடுக்கலாம், பகல் வெளிச்சத்தில், ஜன்னலைப் பார்த்து நின்று, பின்னால் வெறும் சுவர். ஃபில்டர் எதுவும் போடாதே, நேரில் வரும்போது அதே முகம்தான் வர வேண்டும்.

பெண்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும்: ஆபீஸ் முகவரி இருக்கிற இடத்துக்கு, பகலில், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். ஹோட்டல் அறை, கதை டிஸ்கஷன் என்றால் போகாதீர்கள். வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைக்கு எதிராக 2013-லேயே சட்டம் வந்துவிட்டது, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். கேட்பது நம் உரிமை, அதைக் கேட்டதால் ரோல் போனால் அந்த இடம் நமக்கு வேண்டாம்.

வீடியோவுக்கு எதிரே பேச ஆள் இல்லை என்றாயே, மேன்ஷனில் பக்கத்து அறைக்காரனைக் கூப்பிடு. நடிக்கத் தெரிய வேண்டியதே இல்லை, உன் கண்ணைப் பார்த்து வரியைச் சொன்னால் போதும். போனை அவன் தோளுக்குப் பக்கத்தில் வை, அப்போது உன் பார்வை சரியாக வரும்.

சபா காலத்து ஆள் எழுதியது:

வயதானவன், மெதுவாகத்தான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் நிறைய வருஷம் நகைச்சுவை நாடகங்களில் நடித்தவன். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. அதில் நாடகங்கள் வர ஆரம்பித்தபோது எங்கள் மாதிரி ஆட்களைத்தான் கூப்பிட்டார்கள். ஆடிஷன் எல்லாம் அப்போதும் உண்டு. ஆனால் நாங்கள் குழுவாகவே போவோம், ஒத்திகை முடித்துவிட்டுத்தான் ஸ்டூடியோவுக்குள் நுழைவோம்.

சபாவில் ஒன்று கற்றுக்கொண்டோம். ஜனங்கள் சிரிக்கும்போது அடுத்த வரியைச் சொன்னால் அது யார் காதிலும் விழாது, சிரிப்பு முழுக்க அடங்கும் வரை காத்திருந்தாலும் சீன் தொய்ந்துவிடும். ஏறின சிரிப்பு இறங்க ஆரம்பிக்கும்போது பிடிக்க வேண்டும். கிரேஸி மோகன் 1979-இல் கிரேஸி கிரியேஷன்ஸ் தொடங்கியபோது அவர் வசனத்தின் வேகத்தைப் பார்த்து நாங்களே திகைத்தோம், ஒரு சிரிப்பு இறங்குவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அதை மாது பாலாஜியும் மற்றவர்களும் சமாளித்தார்கள் என்றால் காரணம் ஒத்திகை, ஒருவர் மூச்சு ஒருவருக்குத் தெரியும். இப்போது டிவியில் எதிரே ஜனங்கள் இல்லை. அவர்கள் இடத்தில் இருப்பது கூட நடிப்பவர் ஒருவர்தான். அவரையும் எடுத்துவிட்டுச் சுவரை நிறுத்தினால் நடிகன் எதைப் பிடித்துக்கொள்வான்?

ஆனால் தம்பி, ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். தனியாகச் செய்து காட்டுகிற திறமையை அவ்வளவு லேசாகத் தள்ள வேண்டாம். ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாகேஷ் ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகக் கொஞ்ச நேரமே வந்தார், அதைப் பார்த்து எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார். கதையில் அந்த ரோலுக்குப் பெரிய இடமே கிடையாது. அந்தச் சின்ன நேரத்தைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்கிற துணிச்சல் நடிகனுக்கு வேண்டும். ஆடிஷனுக்குப் போகிறவன் கையில் ஒன்று வைத்திருக்கட்டுமே. அது அடுத்தவர் குரலாக இல்லாமல் தன் பக்கத்து வீட்டுக்காரர், தன் பஸ் கண்டக்டர் என்று தான் பார்த்த ஆளாக இருக்கட்டும். கேமராவுக்கு முன்னால் குரலையும் குறைத்துக்கொள்ளுங்கள். வாணி மகாலில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பழகின எங்கள் தொண்டை, சட்டையில் மைக் குத்தியதும் பெரிய தொந்தரவாகிப் போனது.

கிளாப் போர்டு எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதை எங்கள் டைரக்டருக்குப் படித்துக் காட்டினேன். எடிட்டர் சார் சொன்ன முப்பது நொடி விஷயத்தையும் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், நேரம் எங்கே இருக்கிறது? நியாயமான கேள்வி, டெய்லி சீரியலில் வியாழக்கிழமை டிஆர்பி வந்தால் ஒரு கதை ட்ராக்கையே தூக்கிவிட்டு வேறு எழுதுவார்கள், புது ரோலுக்கு நாளைக்கே ஆள் வேண்டும் என்பார்கள். அங்கே இதெல்லாம் நடக்காது, நடக்கும் என்று பொய் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

ஆனால் வாராந்தரக் காமெடிக்குச் செய்யலாம். முதல் சுற்று இப்போது மாதிரியே இருக்கட்டும், அதில் தேறுகிறவர்களை இரண்டு பேர் இரண்டு பேராக உள்ளே கூப்பிட்டால் உண்மையில் நேரம் மிச்சம்தான், ஒரே டேக்கில் இரண்டு பேரைப் பார்த்துவிடலாம். க்யூ படிக்க ஆளும் வேண்டாம். சீன் பேப்பரை முந்தின நாள் அனுப்ப முடியாது, கதை வெளியே போய்விடும் என்று தயாரிப்பில் பயப்படுவார்கள். வந்து உட்கார்ந்தவுடன் கையில் கொடுத்து, இருபது நிமிஷம் வெளியே படிக்கவிடலாம், அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். அடுத்த மாதம் எங்கள் யூனிட்டில் ஒரு தொடருக்கு ஆள் எடுக்கிறோம், என் பொறுப்பில் வருகிற நாளில் இப்படி நடத்துகிறேன் என்று டைரக்டரிடம் கேட்டு சம்மதம் வாங்கிவிட்டேன்.

ராயபுரம் அக்கா, அந்தத் தொடரில் ஒரு பெண் தரகர் ரோல் இருக்கிறது, வீட்டுத் தரகர். எழுத்தாளரிடம் உங்கள் தாழ்ந்த குரல் விஷயத்தைச் சொன்னேன், நேரில் கேட்க வேண்டும் என்கிறார். நடக்க, சாப்பிடச் சொல்ல மாட்டோம்.

ராயபுரம் ரசிகை எழுதியது:

வருகிறேன் தம்பி. தரகு பேசுகிற அம்மாக்கள் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள், அதற்குள் போய் இரண்டு மூன்று பேரோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறேன். அட்வான்ஸ் தொகை சொல்லும்போது அவர்கள் எந்தப் பக்கம் பார்ப்பார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பின்வரிசை நடிகர் எழுதியது:

தகவல் வந்துவிட்டது. மாடி போர்ஷன் ரோல் வேறொருவருக்குப் போயிருக்கிறது, எனக்கு இல்லை. ஆனால் என்னோடு சேர்ந்து செய்த ஐயாவுக்கு ஓனர் ரோல் கிடைத்துவிட்டது. சேனலுக்குப் போனது நாங்கள் சேர்ந்து செய்த டேக்தானாம், அவரே போன் பண்ணிச் சொன்னார். எனக்கு நிஜமாகவே சந்தோஷம், அந்தப் பார்வைக்கு அந்த ரோல் அவருக்குத்தான் வர வேண்டும்.

சபா ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், கையில் ஒன்று வைத்திருக்க வேண்டும். நான் தயாரிக்கப் போவது எங்கள் தெருவில் மோட்டார் போடுகிற நேரத்துக்குச் சண்டை போடுகிற ஒரு பெரியவரை.

புதுசா வந்த தம்பிக்கும், ஆடிஷனுக்கு முன்னால் எதிரே நின்று வரி கொடுக்க ஆள் இல்லாத எல்லோருக்கும்: கே.கே. நகர் சிவன் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் நாடக நண்பர்கள் சிலரும் இருப்போம். பணம் கிடையாது, வகுப்பும் கிடையாது. ஒருவருக்கொருவர் க்யூ கொடுத்துக்கொள்வோம், அவ்வளவுதான். சீனை நான் பிரிண்ட் எடுத்து வருகிறேன், போனைப் பார்த்துப் படிக்க வேண்டாம். எடிட்டர் சார், முடிந்தால் ஒரு நாள் வாருங்கள், கேட்கிற முப்பது நொடியை எங்கே கேமரா வைத்து எடுப்பது என்று உங்களிடம் கேட்க வேண்டும்.

எடிட் டேபிள் எழுதியது:

சனிக்கிழமை ராத்திரி டெலிவரி இருக்கிறது, முடித்துவிட்டு நேரே அங்கே வந்துவிடுகிறேன். ஸ்டாண்டு நான் கொண்டு வருகிறேன்.